இலவச இணையப் பக்கம்: சாவி யார் கையில்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தருகிறோம்.)



வழக்கமாக நான் எழுந்து நின்றால் கடன் வசூல், தணிக்கை, தர மதிப்பீடு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேறு விஷயம். சமீபத்தில் நான் போன குழுக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வருது. "நம்ம குழு பேர்ல ஒரு வெப்சைட் போடணும். எவ்வளவு செலவாகும்?"

ஒரு ரூபாய் செலவில்லாமல் போடலாம். செல்போனும் நெட்டும் இருந்தால் போதும். வழி இன்றைக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் செலவைப் பற்றிக் கேட்ட யாரும் இன்னொரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் சாவி யார் கையில் இருக்கும்? அதைத்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேசப் போகிறேன்.

இணையப் பக்கம் எப்படி இலவசமானது?

நம்ம இயக்கத்தோட வயசும் இந்த இணையத்தோட வயசும் ஒன்று என்று சொன்னால் நம்புவீங்களா? தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அதே 1989-ல் ஐரோப்பாவில் செர்ன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்பவர், உலகத்தில் எந்தக் கணினியில் இருக்கும் தகவலையும் எந்தக் கணினியிலிருந்தும் படிக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் இன்றைய வலைத்தளம். 1993 ஏப்ரல் 30-ம் தேதி செர்ன் நிறுவனம், இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பொதுக் கிணறு மாதிரி திறந்துவிட்டாங்க. அதனாலதான் நாமும் இன்றைக்கு அதில் தண்ணீர் இறைக்க முடியுது.

ஆனால் பக்கத்தை வைப்பதற்கு இடம் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற ஒரு கணினியில்தான் அது இருக்க முடியும். அந்தக் கணினி நம்மிடம் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினியில் நமக்குக் கொஞ்சம் இடம் தர்றாங்க. அடுத்த வீட்டுத் திண்ணையில் நம்ம கடையைப் போடுகிற மாதிரி. வாடகை இல்லை. ஆனால் வீடு அவங்களோடது. இதை மறக்காம இருந்தால் பாதிப் பிரச்சனை வராது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் நீங்க போடுகிற படம் நாளைக்கு நூறு செய்திக்குக் கீழே போயிடும். உங்க நம்பர் தெரிந்தவங்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். இணையப் பக்கம் ஒரே இடத்தில் நிற்கும். அதற்கு ஒரு முகவரி உண்டு. ஊறுகாய் பாக்கெட்டிலும், கண்காட்சியில் கொடுக்கிற நோட்டீசிலும் அந்த முகவரியை அச்சடிக்கலாம். கியூஆர் கோடாகவும் ஒட்டலாம். வாங்கினவங்க அடுத்த தடவை தேடி வர வழி இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம வேலையைப் பற்றி மற்றவங்கதான் இதுவரை எழுதி இருக்காங்க. அதிகாரி எழுதினாங்க, எங்களை மாதிரி தொண்டு நிறுவனத்தார் எழுதினோம், பத்திரிகைக்காரங்க எழுதினாங்க. பனை ஓலையை எந்தப் பதத்தில் வெட்டணும், எத்தனை நாள் காய வைக்கணும் என்று தெரிந்தவங்க நீங்க. அதை உங்க பேச்சிலேயே, உங்க குழுவின் பெயரிலேயே நீங்க எழுத முடியும்.

ஒன்றை மட்டும் இப்பவே சொல்லிடறேன். பக்கம் போட்ட மறுநாளே ஆர்டர் குவியும் என்று எதிர்பார்க்காதீங்க. சந்தையில் கடை விரித்தாலே வியாபாரம் ஆகிடுமா? கூவி விற்கணும் இல்லையா? முகவரியை நீங்க நாலு பேருக்குச் சொன்னால்தான் நாலு பேர் வருவாங்க.

முயன்று பார்க்க மூன்று கருவிகள்

1. பிளாக்கர்: 1999-ல் வந்தது. 2003-ல் கூகுள் நிறுவனம் வாங்கியது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். தலைப்பு கொடுக்கணும், முகவரி தேர்ந்தெடுக்கணும், எழுதணும், "வெளியிடு" என்று அழுத்தணும், அவ்வளவுதான். முகவரியின் கடைசியில் பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று வரும். தேதி வாரியாக எழுதிக்கொண்டே போகலாம். முதல் தடவை செய்கிறவங்களுக்கு இது எளிது.

2. வேர்ட்பிரஸ்: இந்த மென்பொருள் 2003-ல் வந்தது. மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர் ஆரம்பித்தாங்க. இன்றைக்கு உலகத்தில் ஏராளமான இணையதளங்கள் இதில்தான் ஓடுது. வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசத் திட்டம் இருக்கு. அழகாக இருக்கும். ஆனால் பட்டன்கள் அதிகம், பழகக் கொஞ்ச நாள் ஆகும். இலவசத் திட்டத்தில் அவங்க விளம்பரம் நம்ம பக்கத்தில் வரும்.

3. கூகுள் சைட்ஸ்: இதில் தினமும் எழுத வேண்டியதில்லை. நாங்க யார், என்ன செய்கிறோம், விலை என்ன, எப்படித் தொடர்புகொள்வது என்று மூன்று நான்கு பக்கம் போட்டு வைக்க ஏற்றது. படத்தையும் எழுத்தையும் இழுத்து இழுத்து வைக்கலாம். செல்போனை விட இ-சேவை மையத்திலோ நம் அலுவலகத்திலோ உள்ள கணினியில் செய்வது சுலபம்.

தமிழில் டைப் அடிக்கத் தெரியாதே என்று தயங்காதீங்க. செல்போன் கீபோர்டில் மைக் படம் இருக்கும். தமிழைத் தேர்ந்தெடுத்து அதைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழும். தப்பாக விழுந்ததைத் திருத்திக்கொள்ளலாம். "ரேட்" என்று சொன்னால் "ரோடு" என்று விழும். அதனால் ஒருவர் பேச, இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு குழுக்கள், இரண்டு அனுபவம்

பெயர் சொல்லாமல் சொல்கிறேன். சிறுதானிய முறுக்கும் அதிரசமும் செய்கிற ஒரு குழு. உறுப்பினர் ஒருவரோட அக்கா மகன் ஆர்வமாக ஒரு பக்கம் செய்து கொடுத்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. தன்னோட ஜிமெயிலில், தன்னோட செல் நம்பரை வைத்தே செய்துவிட்டான். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. இங்கே இருந்த சிம்மை விட்டுவிட்டான். பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. கேட்டால் அந்தப் பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகுது.

இப்போ அந்தப் பக்கம் இருக்கு, ஆனால் குழுவுக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய விலை அப்படியே கிடக்கு. குழுவின் பழைய நம்பர் கிடக்கு. அந்த நம்பர் கைமாறிப் போய், ஆர்டர் கேட்டுக் கூப்பிடுகிறவங்க யாரோ முன்பின் தெரியாதவரிடம் பேசுறாங்க. குழுவை விட்டு விலகின ஒரு உறுப்பினர், "என் போட்டோவை எடுத்துடுங்க" என்று கேட்கிறார். எடுக்க முடியவில்லை. அவங்க வீட்டில் அதனால் தினமும் பேச்சு. முறுக்கு விற்காமல் போனதை விட அந்த அக்காவுக்கு இதுதான் பெரிய வேதனை.

இன்னொரு குழு, ஓலைக் கூடை பின்னுகிறவங்க. அவங்க பேருக்கே தனி சிம் வாங்கினாங்க. குழுவுக்கென்று ஒரு ஜிமெயில் திறந்தாங்க. பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி, தீர்மானப் புத்தகம் இருக்கிற பெட்டியிலேயே வைத்தாங்க. ஊக்குநர் மாறினபோது சேமிப்புக் கணக்கை ஒப்படைத்த மாதிரியே இதையும் எழுத்தில் ஒப்படைத்தாங்க. பக்கம் சுமாராகத்தான் இருக்கும், அழகு போதாது. ஆனால் விலை மாறினால் அன்றைக்கே மாத்துறாங்க.

ஆரம்ப காலத்தில் நம்ம குழுக்களில் எப்படிச் செய்தோம்? பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம். வங்கிக் கணக்கில் ஒருவர் கையெழுத்து மட்டும் போட்டால் பணம் வராது. யார் மேலும் சந்தேகப்பட்டு அப்படிச் செய்யவில்லை. ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும், ஊரை விட்டுப் போனாலும் குழு நிற்கக் கூடாது என்றுதான் அந்த முறை. இணையப் பக்கத்துக்கும் அதே முறைதான்.

திண்ணைக்காரர் கதவைச் சாத்தினால்?

இலவச இடம் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நடந்ததைச் சொல்றேன். ஜியோசிட்டிஸ் என்று ஒன்று 1994-ல் தொடங்கியது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் அதில் சொந்தப் பக்கம் வைத்திருந்தாங்க. 1999-ல் யாஹூ வாங்கியது. 2009-ல் மூடிவிட்டது. நம்ம ஊரிலும் பல பேர் பழகின ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு 2019-ல் நின்றது. டிக்டாக்கை நம்ம நாட்டில் 2020 ஜூனில் அரசு தடை செய்தது. அதையே நம்பி வியாபாரம் செய்தவங்க ஒரே ராத்திரியில் வாடிக்கையாளரை இழந்தாங்க. சின்னக் கடைகளுக்குக் கூகுள் இலவசமாகத் தந்த இணையதள வசதியும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. மழை வரும் என்று தெரிந்தால் வெளியில் காயப்போட்ட வடகத்தை நாம் எடுத்து வைக்கிறோம் இல்லையா? அது மாதிரி நம்ம எழுத்துக்கும் படத்துக்கும் ஒரு பிரதி நம்மிடம் இருக்கணும். பிளாக்கரில் அமைப்புகள் பகுதிக்குப் போனால், எழுதினது எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்க வழி இருக்கு. வேர்ட்பிரசிலும் இருக்கு. அந்தக் கோப்பை வைத்து ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடி போகலாம். ஆனால் ஒன்று. பிளாக்கர் கோப்பில் எழுத்துதான் வரும், படம் வராது. படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளணும்.

ஐந்து விதிகள்

நமக்குப் பஞ்ச சூத்திரம் பழக்கம்தானே. இதற்கும் ஐந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்க.

ஒன்று: தனிநபர் மெயிலில் தொடங்க வேண்டாம். குழுவுக்கென்று தனி ஜிமெயில், குழுவின் பொறுப்பில் இருக்கிற செல் நம்பர். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது யார் என்று தீர்மானத்தில் எழுதணும். பயன்படுத்தாமல் விட்ட நம்பரைக் கொஞ்ச காலத்தில் கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும்.

இரண்டு: சாவி இரண்டு பேரிடமாவது இருக்கணும். பிளாக்கரில் இன்னொரு மெயிலைச் சேர்த்து அவரையும் நிர்வாகியாக ஆக்கலாம். மற்ற இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஊக்குநர், பிரதிநிதி இரண்டு பேரும் நிர்வாகியாக இருக்கட்டும். ஓ.டி.பி. வராத சமயத்துக்காகக் கூகுள் கணக்கில் பத்து அவசர எண்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எண்ணும் ஒரு தடவைதான் செல்லும். அதை அச்சடித்துப் பெட்டியில் வைங்க.

மூன்று: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரதி எடுக்கணும். தணிக்கை நடக்கிற மாதத்திலேயே இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

நான்கு: மாதம் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்க்கணும். இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி கொண்டுவந்தது. கணக்கு போனால் பக்கமும் போகலாம்.

ஐந்து: பொறுப்பு மாறும்போது எழுத்தில் ஒப்படைக்கணும். பழைய நிர்வாகியின் பெயரை எடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்.

எதைப் போடணும், எதைப் போடக் கூடாது

பொருளின் பெயர், எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எப்படி அனுப்புவீங்க, எந்த நேரத்தில் போன் பண்ணலாம் என்பதெல்லாம் போடுங்க. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் போடுங்க. படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டாம். காலை வெயில் வருகிற வாசல் பக்கம், வெள்ளை வேட்டியை விரித்துப் பொருளை வைத்து எடுத்தால் தெளிவாக வரும். கூகுளில் கிடைக்கிற அடுத்தவங்க படத்தை எடுத்துப் போடக் கூடாது. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவங்களுக்கு வேறு மாதிரி பொருள் போய்ச் சேர்ந்தால் நம் பெயர்தான் கெடும்.

ஆதார், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு இவை படத்தின் ஓரத்தில் கூடத் தெரியக் கூடாது. குழுவின் சேமிப்பு எவ்வளவு, எந்தக் கிழமை யார் வீட்டில் வசூல் நடக்கும் என்பதும் வேண்டாம். அதைப் படிக்கிறவங்க எல்லோரும் நல்லவங்க என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் படம் வேண்டாம். உறுப்பினர் படம் போடணும் என்றால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தைத் தீர்மானத்தில் எழுதின பிறகுதான். சம்மதிக்காதவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க. முகம் வேண்டாம் என்றால் கூடை பின்னுகிற கை மட்டும் தெரிந்தால் போதும், வேலை தெரியும். ஒரு தடவை வெளியான படத்தை யாராவது பிரதி எடுத்திருந்தால், நாம் அழித்தாலும் அது அழியாது.

மூன்று கூட்டத்தில் முடிக்கலாம்

முதல் கூட்டம்: செல்போனைத் தொட வேண்டாம். பேப்பரில் எழுதுங்க. எங்கள் பொருள் என்ன, மற்றவங்க பொருளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஆளுக்கு இரண்டு வரி. எழுதத் தெரியாத அக்காமார் சொல்லட்டும், படித்த தங்கை எழுதட்டும்.

இரண்டாவது கூட்டம்: ஜிமெயில் திறந்து, பிளாக்கரில் ஒரு பக்கம் உருவாக்குங்க. அமைப்புகளில் வாசகர் அனுமதி என்று ஒன்று இருக்கும். அதை "தனிப்பட்டது" என்று வைத்தால் நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது. தப்பு தப்பாகச் செய்து பழகுங்க, ஒன்றும் கெட்டுப்போகாது. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு கருவியை முயன்று பாருங்க.

மூன்றாவது கூட்டம்: எல்லோருக்கும் படித்துக் காட்டுங்க. விலை சரியா, படம் சரியா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேளுங்க. தீர்மானம் போட்ட பிறகு பொதுவாகத் திறந்து விடுங்க.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"இதில் விளம்பரம் மூலமாகக் காசு வருமாமே?"

2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் கூகுள் விளம்பர வசதி இருக்கு. ஆனால் ஏராளமான பேர் பார்த்தால்தான் சொல்லும்படியான பணம் வரும். அதை நம்பிக் கடன் வாங்காதீங்க. "இவ்வளவு பணம் கட்டினால் வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு வரும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

"ஆர்டர் கொடுக்கிறேன் என்று சொல்லி பின் நம்பர் கேட்கிறாங்களே?"

நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் நம்ம பணம் வெளியே போகப் போகுது என்று அர்த்தம். ஓ.டி.பி.யும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

"வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறாரே?"

முதலில் பேப்பரில் எழுதினதை அவரிடம் காட்டுங்க. இதில் உங்க முகமோ வீட்டு முகவரியோ வராது, குழுவின் பெயரும் பொருளும்தான் வரும் என்று தெளிவாகச் சொல்லுங்க. முன்பு வங்கிக்குப் போகவே வேண்டாம் என்று சொன்ன வீடுகள் எத்தனை? இன்றைக்கு அதே வீட்டில் பிள்ளையின் கல்விக் கடன் மனுவை எழுதுவது யார்? பொறுமையாகப் பேசினால் வழி பிறக்கும்.

சகோதரிகளே, வரும் மாதம் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஆர்வமுள்ள இரண்டு பேரை அனுப்புங்க. நம் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நாங்கள் பக்கத்தில் இருப்போம். ஆனால் உங்க பாஸ்வேர்டை எங்களிடமும் கொடுக்காதீங்க. நாளைக்கு என்னை வேறு வட்டாரத்துக்கு மாற்றலாம், திட்டமே முடிந்தும் போகலாம். பக்கமும் பெயரும் உங்களுடையது. வருகிறவங்க ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற பக்கம் ஏதாவது இருந்தால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று குழுவில் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. முதல் நாள் வேலையை அதிலிருந்தே தொடங்குவோம்.